பயிற்றுவிப்பாளர் தெரிவு: ரொறன்ரோவில் நடப்பதும் மட்டக்களப்பில் நடப்பதும்

2018ஆம் ஆண்டு மே 11ஆம் திகதி ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்தாட்டக் கழகம் தனது தலைமைப் பயிற்றுவிப்பாளர் டுவெய்ன் கேசியைப் பதவியிலிருந்து நீக்கியது. அந்தப் பருவத்தில் அவருடைய அணி 82 ஆட்டங்களில் 59இல் வென்றிருந்தது. கழகத்தின் வரலாற்றில் அதுவரை எந்தப் பருவத்திலும் இத்தனை வெற்றிகள் கிடைத்ததில்லை. ஜூன் 25ஆம் திகதி, என்.பி.ஏ. என்று அறியப்படும் வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கம் ஆண்டின் சிறந்த பயிற்றுவிப்பாளரை அறிவித்தது. அந்த விருது கேசிக்கே கிடைத்தது. எந்த வேலையிலிருந்து நீக்கப்பட்டாரோ, அதே வேலையைச் சிறப்பாகச் செய்ததற்காக அவர் பரிசு வாங்கினார்.

மட்டக்களப்பில் கூடைப்பந்தாட்டம் பார்க்கிற பலருக்கு ராப்டர்ஸ் அந்நிய அணி அல்ல. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உறவினர் இருக்கும் வீடுகள் இங்கு ஏராளம். ரொறன்ரோவில் இரவு 7.30க்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்குக் காலை 6 மணி. பாடசாலைக்குப் புறப்படும் முன் கைபேசியில் முதல் இரண்டு கால்பகுதிகளையாவது பார்த்துவிடலாம். அப்படிப் பார்க்கிறவர்கள் மத்தியில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: நன்றாக விளையாடும் அணியின் பயிற்றுவிப்பாளரை ஏன் மாற்றுகிறார்கள்? புதியவரை எந்த அடிப்படையில் தெரிவு செய்கிறார்கள்?

இதற்கான விடை ரசிகர்களுக்கு மட்டும் உரியதல்ல. வாவிக்கரையில் உள்ள ஒரு பாடசாலையோ கழகமோ அடுத்த முறை பயிற்றுவிப்பாளர் ஒருவரைத் தேட வேண்டி வரும்போது, அங்கிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய சில பாடங்களும் இதில் இருக்கின்றன.

ஏன் மாற்றுகிறார்கள்?

கேசி 2011ஆம் ஆண்டு பொறுப்பேற்றபோது ராப்டர்ஸ் தோற்றுப் பழகிய அணி. ஏழு பருவங்களில் அதை வெல்லும் அணியாக்கினார். ஆனால் 2016, 2017, 2018 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக, இறுதிச்சுற்றுகளில் லெப்ரோன் ஜேம்ஸ் விளையாடிய கிளீவ்லன்ட் அணியிடமே ராப்டர்ஸ் தோற்று வெளியேறியது. கடைசி இரண்டு தடவையும் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாமல், நான்குக்குப் பூச்சியம் என்ற கணக்கில் தோல்வி.

கழகத்தின் தலைவராக இருந்த மசாய் உஜிரியின் முன் இருந்த கேள்வி, கேசி நல்லவரா என்பதல்ல. இதே வழியில் இன்னொரு வருடம் போனால் வேறு முடிவு வருமா என்பதுதான். வராது என்று அவர் முடிவெடுத்தார்.

தொழில்முறை அணிகளில் பயிற்றுவிப்பாளர் மாற்றம் பெரும்பாலும் இப்படிப்பட்ட கணக்கில்தான் நடக்கிறது. பதினைந்து வீரர்களை ஒரேயடியாக மாற்ற முடியாது. அவர்களுக்கு ஒப்பந்தங்கள் உண்டு, சம்பள உச்சவரம்பு உண்டு. ஒருவரை மாற்றுவது இலகு. அதனால் சில வேளைகளில் பயிற்றுவிப்பாளரின் தவறு எதுவும் இல்லாதபோதும் தண்டனை அவருக்கே கிடைக்கிறது.

வெற்றி தோல்விக்கு வெளியே இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஏப்ரலில், பருவத்தின் வழமையான ஆட்டங்களில் மூன்று மட்டுமே எஞ்சியிருந்த நிலையில், டென்வர் அணி தன் பயிற்றுவிப்பாளர் மைக்கல் மலோனை நீக்கியது. அவர் 2023இல் அந்த அணிக்கு முதலாவது சம்பியன் பட்டத்தைப் பெற்றுக்கொடுத்தவர். அதே நாளில் வீரர்களைத் தெரிவு செய்யும் பொறுப்பிலிருந்த பொது முகாமையாளரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இருவருக்கும் இடையிலான முரண்பாடு அணிக்குள் இறங்கிவிட்டது என்பதே அன்று பரவலாகச் சொல்லப்பட்ட காரணம். வீரர்களைக் கொண்டுவருகிறவரும் அவர்களை விளையாட வைக்கிறவரும் ஒரே திசையில் பார்க்காவிட்டால், அணியில் திறமை இருந்தும் பயனில்லை.

எப்படித் தேடுகிறார்கள்?

என்.பி.ஏ.யில் மொத்தம் 30 அணிகள். ஆகவே தலைமைப் பயிற்றுவிப்பாளர் பதவிகளும் 30தான். ஓர் இடம் வெற்றிடமானால் கழகத்தின் தலைவரோ பொது முகாமையாளரோ பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தயாரிப்பார். அந்தப் பட்டியலில் பொதுவாக மூன்று வகையினர் இருப்பார்கள். முன்னர் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்தவர்கள் முதல் வகை. வேறு அணிகளில் உதவிப் பயிற்றுவிப்பாளராக இருப்பவர்கள் இரண்டாம் வகை. சொந்த அணிக்குள்ளேயே வளர்ந்தவர்கள் மூன்றாம் வகை.

இன்னோர் அணியுடன் ஒப்பந்தத்தில் இருக்கும் பயிற்றுவிப்பாளரிடம் நேரடியாகப் பேச முடியாது. முதலில் அந்த அணியிடம் அனுமதி கேட்க வேண்டும். 2025 ஜூனில் நியூயோர்க் நிக்ஸ் அணி டொம் திபடோவை நீக்கியது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு முதல் தடவையாக அந்த அணியைக் கிழக்குப் பிரிவின் இறுதிப்போட்டிக்குக் கொண்டுசென்றவர் அவர். அவரை நீக்கிய பின்னர், பதவியில் இருந்த பல பயிற்றுவிப்பாளர்களிடம் பேச நிக்ஸ் அனுமதி கேட்டது. கேட்ட இடங்களில் எல்லாம் மறுப்பே வந்தது. இறுதியில், அவ்வேளை எந்த அணியிலும் இல்லாதிருந்த அனுபவசாலியான மைக் பிரவுனை ஜூலையில் நியமித்தது. ஆள் யார் என்று முடிவெடுக்கும் முன் இருப்பவரை அனுப்பிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த ஒரு மாதம் நல்ல உதாரணம்.

நேர்முகத்தில் கேட்கப்படும் கேள்விகள் பொதுவானவையாக இருப்பதில்லை. நமது அணியின் இந்த இரண்டு வீரர்களும் சேர்ந்து களத்தில் நிற்கும்போது பாதுகாப்பு ஏன் உடைகிறது? கடைசி இரண்டு நிமிடங்களில் மூன்று புள்ளிகளால் பின்தங்கியிருந்தால் என்ன செய்வீர்கள்? உங்களுக்கு உதவியாளர்களாக யாரை அழைத்து வருவீர்கள்? வந்தவர் அணியின் ஒளிப்பதிவுகளை உண்மையில் பார்த்திருக்கிறாரா என்பது இத்தகைய கேள்விகளுக்கு அவர் சொல்லும் பதிலில் தெரிந்துவிடும். அவரிடம் முன்னர் விளையாடியவர்களிடமும் தனியாக விசாரிப்பார்கள்.

ராப்டர்ஸ் 2018இல் சிலரை நேர்கண்ட பின் தெரிவு செய்தது தன்னிடமே இருந்த ஒருவரை. நிக் நேர்ஸ் 2013 முதல் கேசியின் உதவியாளர். அதற்கு முன் பல ஆண்டுகள் பிரித்தானியாவின் கழகங்களிலும், பின்னர் என்.பி.ஏ.யின் வளர்முக லீக்கிலும் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்து இரண்டு இடங்களிலும் சம்பியன் பட்டம் வென்றவர். பெரிய சம்பளமும் பெரிய கூட்டமும் இல்லாத இடங்களில், முடிவுகளைத் தானே எடுத்துப் பழகியவர். ஓராண்டுக்குள், 2019 ஜூன் 13ஆம் திகதி, ராப்டர்ஸ் முதல் தடவையாகச் சம்பியனானது.

அந்த வெற்றி முழுவதையும் பயிற்றுவிப்பாளர் மாற்றத்தின் கணக்கில் எழுத முடியாது. இடையில் கவாய் லெனர்ட் என்ற உச்ச வீரரை அணி பெற்றிருந்தது. கிளீவ்லன்டை விட்டு லெப்ரோனும் போய்விட்டார். ஆனால் நேர்ஸ் எதற்காகத் தெரிவானாரோ அது இறுதிப்போட்டியில் தெரிந்தது. ஸ்டீபன் கரியைக் கட்டுப்படுத்த, நால்வர் சதுரமாக நின்று பரப்பைக் காக்க ஒருவர் மட்டும் கரியை நிழல்போலத் தொடரும் முறையை அவர் பயன்படுத்தினார். பாடசாலைப் போட்டிகளில் காணக்கூடிய முறை அது. தொழில்முறை ஆட்டத்தில் அதைச் செய்ய மற்றவர்கள் வெட்கப்பட்டிருப்பார்கள். நேர்ஸ் வெட்கப்படவில்லை.

ஒருவருக்குப் பொருந்தும் சட்டை

அதிகச் சம்பளம் கொடுத்தால் நல்ல பயிற்றுவிப்பாளர் கிடைப்பாரா? டெட்ரொயிட் பிஸ்டன்ஸ் அப்படித்தான் நம்பியது. 2023இல் மொன்ரி வில்லியம்ஸை ஆறு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்தது. மொத்தத் தொகை 78.5 மில்லியன் டொலர் என்று செய்திகள் வெளியாகின. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் பீனிக்ஸ் அணியில் ஆண்டின் சிறந்த பயிற்றுவிப்பாளர் விருது பெற்றிருந்தார். ஆனால் பிஸ்டன்ஸில் அந்தப் பருவத்தில் அணி தொடர்ச்சியாக 28 ஆட்டங்களில் தோற்றது. முடிவில் 14 வெற்றி, 68 தோல்வி. ஒரே பருவத்தில் அவர் நீக்கப்பட்டார்.

அடுத்து வந்தவர் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப். அவரைச் சில வாரங்களுக்கு முன்னர்தான் கிளீவ்லன்ட் அணி போதாதென்று நீக்கியிருந்தது. அவர் வந்த முதல் பருவத்திலேயே பிஸ்டன்ஸ் 44 ஆட்டங்களில் வென்றது. அதே பருவத்தில் கிளீவ்லன்டும் கெனி அட்கின்சன் என்ற புதியவரின் கீழ் 64 ஆட்டங்களில் வென்றது. ஓர் அணி வேண்டாமென்று விட்டவர் இன்னோர் அணியை உயர்த்தினார். அவரை விட்ட அணியும் உயர்ந்தது. அப்படியானால் பிக்கர்ஸ்டாஃப் நல்ல பயிற்றுவிப்பாளரா, இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் விதமே பிழை. இளம் வீரர்களுக்கு ஒழுங்கையும் நம்பிக்கையையும் கொடுக்க ஒருவர் வேண்டும். ஏற்கெனவே ஒழுங்கு வந்துவிட்ட அணிக்கு, தாக்குதல் ஆட்டத்தில் புதிய வழிகளைக் காட்ட வேறொருவர் வேண்டும். அணி எந்தப் படியில் நிற்கிறது என்பதைச் சரியாகப் பார்க்கும் கழகம், ஆளையும் சரியாகத் தெரிவு செய்கிறது. டெட்ரொயிட்டில் 2023இல் வந்தவரிடம் குறை இருந்ததோ இல்லையோ, அவரைத் தெரிவு செய்தவர்கள் புகழையும் விருதையும் பார்த்த அளவுக்குப் பொருத்தத்தைப் பார்க்கவில்லை.

தெரிவாளர்களின் கண்ணுக்குத் தப்பிய இன்னொரு கூட்டமும் உண்டு. பெக்கி ஹமன் 2014 முதல் சான் அன்டோனியோ அணியில் உதவிப் பயிற்றுவிப்பாளர். 2020 டிசம்பர் 30ஆம் திகதி, தலைமைப் பயிற்றுவிப்பாளர் நடுவரால் வெளியேற்றப்பட, எஞ்சிய ஆட்டத்தை நடத்தி, என்.பி.ஏ. ஆட்டமொன்றில் அணியை வழிநடத்திய முதல் பெண்ணானார். என்.பி.ஏ. அணிகளின் நேர்முகங்களுக்குப் போனார். எவரும் பதவி கொடுக்கவில்லை. பெண்கள் லீக்கின் லாஸ் வேகஸ் அணி கொடுத்தது. 2022, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் அந்த அணியைச் சம்பியனாக்கினார்.

பார்த்துவிட்டுத் தீர்மானிப்பது

நேர்முகத்தைவிட நம்பகமான பரீட்சை ஒன்று இருக்கிறது: வேலையைக் கொடுத்துப் பார்ப்பது. இதற்கு நமது நாட்டிலேயே அண்மைய உதாரணம் உண்டு. 2024 ரி20 உலகக்கிண்ணத் தோல்விக்குப் பின் கிறிஸ் சில்வர்வூட் விலக, இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் சனத் ஜயசூரியவை இடைக்காலத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக நியமித்தது. ஓகஸ்டில் இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் தொடரை, 1997க்குப் பின் முதல் தடவையாக, இலங்கை வென்றது. செப்டெம்பரில் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை டெஸ்ட் போட்டியில் வீழ்த்தியது. அதே மாதம் காலியில் நியூஸிலாந்துக்கு எதிரான இரு டெஸ்ட்களிலும் வெற்றி. ஒக்டோபரில்தான் அவருக்கு முழுநேர நியமனம் கிடைத்தது. அதுவும் 2026 மார்ச் 31 வரை என்று திகதி குறிக்கப்பட்ட நியமனம்.

சில மாதங்களின் வெற்றி அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ஆனாலும், வீரர்கள் ஒருவரின் சொல்லைக் கேட்கிறார்களா இல்லையா என்பதை அறிய அந்தக் காலம் போதும்.

வாவிக்கரையில்

இனி நமது ஊருக்கு வருவோம். மட்டக்களப்பில் கூடைப்பந்தாட்டம் வேரூன்றியதற்கு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் முக்கிய காரணம். வெபர் விளையாட்டரங்கு அவர்களில் ஒருவரான அருட்தந்தை வெபரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. லூசியானாவில் 1923இல் பிறந்த அருட்தந்தை யூஜின் ஹேபர்ட், 1948இல் இலங்கைக்கு வந்து, திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் புளியந்தீவில் உள்ள புனித மிக்கேல் கல்லூரியிலும் பணியாற்றியவர். கூடைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளராகவும் அவர் நினைவுகூரப்படுகிறார்.

இவர்களை எந்தத் தெரிவுக்குழுவும் நேர்முகம் காணவில்லை. சபை அனுப்பியது, வந்தார்கள். கற்பித்தார்கள், மாலையில் பந்தை எடுத்தார்கள். சம்பளம், ஒப்பந்தம், பதவிக்காலம் என்ற பேச்சு எதுவும் இருக்கவில்லை. பல தசாப்தங்கள் ஒரே ஊரில் இருந்தார்கள். ஒரு விளையாட்டுக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் கிடைக்காது.

அந்தத் தொடர்ச்சி இயல்பாக முடியவில்லை. 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்த அருட்தந்தை ஹேபர்ட், உடன் வந்த பேட்ரம் பிரான்சிஸ் என்ற இளைஞருடன் ஏறாவூர்ப் பக்கத்தில் காணாமல் போனார். இருவரும் இன்றுவரை திரும்பவில்லை. போர்க்காலத்தில் மாவட்டம் இழந்தவற்றின் நீண்ட பட்டியலில் மாலைநேரப் பயிற்சி என்பது மிகச் சிறிய வரிதான். ஆனாலும் அதுவும் இழப்பே.

அந்தத் தலைமுறை நமக்கு விட்டுச்சென்ற ஒரு பழக்கம் இன்றும் தொடர்கிறது. பயிற்றுவிப்பாளர் தானாக வந்து சேர்வார் என்று எதிர்பார்க்கிறோம். பழைய மாணவர் ஒருவர், உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், விளையாட்டில் பைத்தியமான ஓர் அண்ணா. அவர் தன் பணத்தில் பந்து வாங்குவார், வலை மாட்டுவார். அவருக்கு இடமாற்றம் வந்தாலோ, கொழும்பில் வேலை கிடைத்தாலோ, கனடாவுக்கு விசா வந்தாலோ அணி அப்படியே நின்றுவிடும். அடுத்தவரை எப்படித் தேடுவது என்று யாரும் யோசித்திருப்பதில்லை. கையில் கிடைத்தவரே பயிற்றுவிப்பாளர்.

இலங்கையில் கூடைப்பந்தாட்டம் பெரும்பாலும் பாடசாலைகள், பல்கலைக்கழகங்கள், முப்படைகள், வர்த்தக நிறுவனங்கள் ஆகியவற்றின் அணிகளில்தான் வாழ்கிறது. என்.பி.ஏ. போன்ற தொழில்முறை லீக் இங்கு இல்லை. ஆகவே மில்லியன் டொலர் ஒப்பந்தங்களை நமக்கு உதாரணமாகக் காட்டுவதில் பொருளில்லை. ஆனால் அந்தத் தெரிவு முறையில் பணம் செலவாகாத பகுதிகளும் இருக்கின்றன.

செலவில்லாத பாடங்கள்

முதலாவது, தேடும் முன் எழுதுவது. நமது அணிக்கு இப்போது என்ன தேவை? பந்தைப் பிடிக்கப் பழகும் 13 வயதுப் பிள்ளைகளா, தேசிய மட்டத்துக்குப் போக வேண்டிய 19 வயதுக்குட்பட்டோர் அணியா? முன்னதற்குப் பொறுமையும் அடிப்படை அறிவும் உள்ளவர் வேண்டும். பின்னதற்கு ஆட்டத்தை வாசித்து மாற்றத் தெரிந்தவர் வேண்டும். சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் பயிற்றுவிப்பாளர் கையேடுகள்கூட இவற்றை வெவ்வேறு நிலைகளாகவே பிரித்துக் கற்பிக்கின்றன. ஒரு பக்கத்தில் எழுதி அதிபரும் பழைய மாணவர் சங்கமும் கையொப்பமிட்டால், பிறகு ‘நான் ஒன்றை நினைத்தேன், நீங்கள் ஒன்றைச் செய்தீர்கள்’ என்ற சண்டை குறையும்.

இரண்டாவது, பேசவைப்பதோடு நிறுத்தாமல் பயிற்சி ஒன்றை நடத்தச் சொல்வது. இரண்டு பேர் இருந்தால் இருவருக்கும் ஒவ்வொரு மாலை கொடுக்கலாம். பிழைவிட்ட பிள்ளையிடம் அவர் எப்படிப் பேசுகிறார், பின்வரிசையில் நிற்பவனுக்குப் பந்து போகிறதா, 90 நிமிடங்களில் பிள்ளைகள் எத்தனை நிமிடம் வரிசையில் சும்மா நின்றார்கள் என்று பாருங்கள். சிறந்த வீரராக இருந்தவர் சிறந்த பயிற்றுவிப்பாளராக இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. மயாமி அணியை 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் சம்பியனாக்கிய எரிக் ஸ்போல்ஸ்ட்ரா என்.பி.ஏ.யில் ஒரு நாளும் விளையாடியதில்லை. 1995இல் அந்தக் கழகத்தின் ஒளிப்பதிவு அறையில் வேலைக்குச் சேர்ந்து, 2008இல் தலைமைப் பயிற்றுவிப்பாளரானவர் அவர்.

மூன்றாவது, விசாரிப்பது. இதைத் தொழில்முறை அணிகள் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. நாமோ மரியாதை கருதித் தவிர்த்துவிடுகிறோம். பிள்ளைகளோடு மாலையிலும் வெளியூர்ப் பயணங்களிலும் தனியாக இருக்கப் போகிறவர் அவர். முன்னர் பணியாற்றிய இடத்தில் கேட்பது அவரை அவமதிப்பதாகாது. பெண்பிள்ளைகள் அணி என்றால், பயணத்தில் பொறுப்பான பெண் ஒருவர் உடன் இருப்பதை நியமனத்தின்போதே நிபந்தனையாக்க வேண்டும். அதைவிட நல்லது, ஒருகாலத்தில் இதே பாடசாலைகளில் விளையாடிய பெண்களைப் பயிற்றுவிப்பாளர்களாக அழைப்பது. அவர்களை யாரும் கேட்பதில்லை என்பதால்தான் பலர் வீட்டில் இருக்கிறார்கள்.

நான்காவது, காலம் குறிப்பது. ஒரு வருடம் என்று சொல்லி, வருட முடிவில் உட்கார்ந்து பேசுவது. எதை வைத்து மதிப்பிடுவோம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கிண்ணம் மட்டும் அளவுகோல் என்றால், அவர் நன்றாக விளையாடும் ஐந்து பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை மறந்துவிடுவார். ஆண்டுத் தொடக்கத்தில் பயிற்சிக்கு வந்த 30 பிள்ளைகளில் எத்தனை பேர் ஆண்டு முடிவிலும் வருகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். போக்குவரத்துச் செலவாவது கொடுக்க வேண்டும். இலவசமாக உழைப்பவரிடம் கேள்வி கேட்க யாருக்கும் வாய் வராது. அந்தத் தயக்கத்தின் விலையைக் கடைசியில் கொடுப்பது பிள்ளைகள்தான்.

ஐந்தாவது, உதவியாளர். கேசி போனபோது ராப்டர்ஸுக்கு நேர்ஸ் இருந்தார். மலோன் போனபோது டென்வருக்கு டேவிட் அடெல்மன் இருந்தார். இடைக்காலமாகப் பொறுப்பேற்று, அடுத்த மாதமே நிரந்தரமானார். நமது அணிகளில் பயிற்றுவிப்பாளர் பெரும்பாலும் தனி ஆள். பாடசாலையை விட்டு அண்மையில் விலகிய, உயர்தரப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் ஓர் இளைஞனையோ யுவதியையோ அவருக்குப் பக்கத்தில் நிறுத்துவது கடினமல்ல. அவர்களிடம் ஒரு கொப்பியையும் கொடுக்கலாம். அன்று யார் வந்தார்கள், என்ன பயிற்சி நடந்தது, யாருக்குக் கணுக்கால் சுளுக்கியது, எந்த அணிக்கு எதிராக எது பலித்தது என்று எழுதிவைக்க.

இடமாற்றக் கடிதமோ விசாவோ எந்த நேரத்திலும் வரலாம். அதைத் தடுக்க எந்தக் கழகத்தாலும் முடியாது. ஆனால் அந்தக் கொப்பியும் அதை எழுதியவரும் மைதானத்தில் இருந்தால், அடுத்த திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குப் பயிற்சி நடக்கும்.